பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது

அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உங்களுக்கு எதில் ஈடுபாடு என்று யார் கேட்டாலும் 'புத்தகம் வாசிப்பது' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நாற்காலி எது, குடிதண்ணீர் எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

பின்னே என்ன? பட்ட பாடு அப்படி. விலங்கியல் சார் ஒரு காலத்தில் கரும்பலகையில் ஒரு தவளை வரைந்தார். இப்போது குதித்துவிடும் என்று முதல் வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். அந்த நேரம் பார்த்து அன்றைய தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் வந்து தொலைத்தார். அவ்வளவுதான், மனுஷன் மாட்டிக்கொண்டார். வரவேற்புப் பலகை, மேடைத் திரைச்சீலை, அறிவியல் கண்காட்சி, கடைசியில் 'கழிப்பறை இந்தப் பக்கம்' என்ற அம்புக்குறி வரை அவர் தலையில் வந்து விழுந்தது. வீட்டில் இருந்த வண்ணப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டவர் இன்றுவரை இறக்கவில்லை. விளையாட்டு சார் சுற்றுலாவில் ஒரு நாள் ஆசையாகச் சமைத்துப் போட்டார். அன்றிலிருந்து பள்ளியில் எந்த விழா வந்தாலும் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் வேர்த்து வழிய நிற்கிறார்.

கணக்கு டீச்சரின் கதை எல்லாவற்றையும்விடக் கொடுமை. அவள் அப்பா மர அறுப்புக் கடையில் வேலை பார்த்தவர். நாளெல்லாம் ரம்பம் கத்தும் இடத்துக்குப் பின்னால்தான் வீடு. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று பாடிப் பாடி வந்த குரல் அவளுடையது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் காலைக் கூட்டத்தில் பாட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, இவளாகவே முன்னால் போய் நின்று பாடினாள். யார் கேட்டார்கள் இவளை? நாக்கில் சனி. பாடி முடித்ததும் மைதானமே கை தட்டியது. தட்டிய கை ஓய்வதற்குள் பாட்டுக் குழு அவள் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது.

அதற்கப்புறம் வருஷக்கணக்காகக் காலைப் பாட்டு, விழாப் பாட்டு, யாராவது பெரிய மனிதர் வந்தால் வரவேற்புப் பாட்டு, ஓய்வு பெற்றால் வழியனுப்புப் பாட்டு. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகளை நன்றாகவே பழக்கியிருந்தாள். அவளுக்கென்று ஒரு கண்டிப்பான விதி இருந்தது. "என்ன ஆனாலும் சரி, பாட்டை நடுவுல நிறுத்தக் கூடாது. மைக் போகட்டும், மழை வரட்டும், நானே மயங்கி விழட்டும். கடைசி வரி பாடின பிறகுதான் வாயை மூடணும்." ஒரு தடவை மேடைப் பலகை ஒன்று முறிந்து ஓரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் இடுப்பளவு உள்ளே போய்விட்டார்கள். போனவர்கள் உள்ளே நின்றபடியே பாடினார்கள். அவ்வளவு பேர் வாங்கிய குழு.

ஆனால் அவள் பாட்டு போய்விட்டது. வீட்டில் அவள் கணவர் எப்போதாவது, "ஒரு பாட்டுதான் பாடேன்" என்பார். "தொண்டை சரியில்லைங்க" என்று எழுந்து போய்விடுவாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாலே மணி அடிப்பது போலவும் யாரோ வரிசையில் நிற்கச் சொல்வது போலவும் இருந்தால் எவளுக்குப் பாட்டு வரும், நீங்களே சொல்லுங்கள்.

அந்த அறையில் அவளுக்கு நெருக்கம் என்றால் பூகோள டீச்சர் ஒருத்திதான். வயதில் சின்னவள். பிள்ளைகள் முன்னால் 'டீச்சர்' என்பாள், தனியாக இருந்தால் 'அக்கா'. மத்தியானம் இருவரும் ஜன்னலோர மேஜையில் ஒரே பக்கம் உட்கார்ந்து, டப்பா மூடியில் இவள் கொண்டுவந்ததை அவளுக்கும் அவள் கொண்டுவந்ததை இவளுக்கும் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். பூகோள டீச்சர் லாரி ஓட்டுநரின் மகள். பள்ளி விடுமுறை முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய் வளர்ந்தவள். லாரி எங்கே பழுதாகி நின்றாலும் பக்கத்தில் ஒரு குட்டையோ ஏரியோ இருக்கும், அங்கே ஒற்றைக் காலில் ஏதாவது ஒரு பறவை நிற்கும். அப்பா வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருக்க, மகள் பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் ஊருக்கு வெளியே, கைவிட்டுப்போன செங்கல் சூளைக்குப் போய்விடுவாள். மண் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று, நடுத்திட்டில் மரங்கள் முளைத்து, அங்கே நாரைகள் கூடு கட்டியிருந்தன. காதும் காதும் வைத்தாற்போல் காப்பாற்றி வந்த ரகசியம். கணக்கு டீச்சரிடம் மட்டும்தான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டும் போனாள்.

"அக்கா, மூச்சு மட்டும் விடுங்க, வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள் புதருக்குப் பின்னால் உட்கார வைத்து.

"ஏன்டி, இருமல் வந்தா?"

"முழுங்கிடுங்க."

தொலைநோக்கியை வாங்கிப் பார்த்த கணக்கு டீச்சருக்கு முதலில் ஒரே குச்சியும் எச்சமுமாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு கூட்டுக்குள் வெளிர்நீல முட்டைகள். பக்கத்துக் கூட்டில் மொட்டைத் தலையோடு இரண்டு குஞ்சுகள், வாயைப் பிளந்துகொண்டு, பார்க்கச் சகிக்காத அழகு.

"அந்தப் புகைபோக்கி மேல பாருங்க" என்று காதருகே கிசுகிசுத்தாள் சின்னவள். "காக்கா. சும்மா உக்காந்திருக்குன்னு நினைக்காதீங்க. காத்துக்கிட்டு இருக்கு. இதுங்க பயந்து மொத்தமா எழும்பிடுச்சுன்னு வைங்க, திரும்பி வர்றதுக்குள்ள எல்லாக் கூட்டையும் காலி பண்ணிடும். ஒரு தடவை அப்படி ஆச்சுன்னா அப்புறம் இந்த மரத்துப் பக்கமே வராதுங்க."

இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தார்கள். அவ்வளவு நேரம் யாரும் கூப்பிடாமல், யாரையும் அதட்டாமல் இருந்தது கணக்கு டீச்சருக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. கணவருக்கு மத்தியான வேலை, மகன் விளையாடப் போய்விட்டான். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைத் தானே கேட்டாள். திடுக்கென்றிருந்தது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி முணுமுணுத்தாள். அடுத்த வாரம் வாய் திறந்தே பாடினாள், மெதுவாக, பாதிப் பாட்டு. பாதியில் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்க யாரும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் எப்போது வரும் என்று திங்கட்கிழமையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தாள்.

இந்த நிலையில்தான் பெரிய மேடம் வந்தார். அந்த வருஷம் புதிதாக வந்த தலைமையாசிரியர். ஏதோ பெரிய கம்பெனியில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தவர். கெட்டவர் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் வம்பு. முதல் கூட்டத்திலேயே, "நீங்க வெறும் பாடம் நடத்துற மெஷின் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பின்னணி இருக்கு, ஒரு ஆசை இருக்கு. பிள்ளைங்களுக்கு அது தெரியணும். வாசல்ல எல்லார் படத்தையும் போட்டு, கீழே பின்னணி, ஈடுபாடுன்னு எழுதப் போறோம். ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

பிறகு வரிசையாக ஆரம்பித்தது.

"புத்தகம் வாசிப்பது மேடம்."

"எனக்கும் வாசிப்புதான்."

விளையாட்டு சார் விசிலைத் தடவியபடி, "ஓய்வு நேரத்துல புத்தகம் மேடம்" என்றார். விலங்கியல் சார், "சின்ன வயசிலேர்ந்தே வாசிப்பு" என்று ஒரு படி மேலே போனார். பூகோள டீச்சர், "அப்பா லாரி டிரைவர். நான் புத்தகம் வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, எல்லாரும் 'உஷ்' என்று பட்டப்பேர் வைத்திருப்பவர், அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "இத்தனை வாசகர்களா! ஒருத்தர்கூட என் ரூமுக்கு வழி கேட்டதில்லையே மேடம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மேடம் சிரிக்கவில்லை. "எனக்கு நடனம்னா உயிர்" என்றார். "நான் வேலை பார்த்த எந்த இடத்துலயும் என்னை ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனாலதான் கேக்கறேன்." குரலில் உண்மை இருந்தது. பலகை வாசலுக்கு வந்தது. படத்துக்குப் படம் புத்தகம் வாசிப்பது. ஒன்றின் கீழ் மட்டும் பாட்டு. கணக்கு டீச்சரால் மறைக்க முடியுமா, ஊருக்கே தெரிந்த சங்கதி.

ஒரு மாதம் கழித்து அவளை அறைக்குக் கூப்பிட்டார் பெரிய மேடம். பள்ளிகளுக்கிடையே போட்டி ஒன்று வருகிறது. நம் பள்ளிக்கென்று தனியாக ஒரு அடையாளம் வேண்டும். பாட்டுக் குழுவைப் பெரிதாக்கப் போகிறோம். "இனிமே சனிக்கிழமை மத்தியானம் பயிற்சி. வருஷம் முழுக்க."

கணக்கு டீச்சர் அவசரமாகக் குறுக்கிட்டாள். "சனிக்கிழமை வேண்டாம் மேடம்."

"ஏன், வீட்ல ஏதாவது வேலையா?"

என்ன சொல்வாள்? வீட்டில் துணி மடிக்கிறேன், அப்போது பாட்டு வருகிறது என்றா? "கொஞ்சம் கஷ்டம் மேடம்" என்றாள்.

"எனக்குப் புரியுது டீச்சர். ஆனா நான் என்ன பண்ணட்டும்? இந்த ஸ்கூல்ல உங்க பாட்டை விட்டா வேற என்ன இருக்கு? மத்தவங்க எல்லாம் புத்தகம் வாசிக்கிறாங்க! வேற யார்கிட்டயாவது ஏதாவது ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க, பாட்டை இன்னைக்கே விட்டுடறேன்."

ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம். 'தெரியாது மேடம்' என்று சொல்லியிருக்கலாம், சரி என்று தலையாட்டியிருக்கலாம், அழுதுகூட இருக்கலாம். பாவி, வாயைத் திறந்தாள்.

"பூகோள டீச்சருக்குப் பறவைன்னா ரொம்ப இஷ்டம் மேடம். செங்கல் சூளைப் பக்கம் ஒரு குட்டை இருக்கு..."

பெரிய மேடம் முகம் விளக்குப் போட்டது போல் ஆயிற்று.

இரண்டு நாளில் அறிவிப்பு வந்துவிட்டது. பறவை மன்றம். பொறுப்பு, பூகோள டீச்சர். சனிக்கிழமை மத்தியானம். முதல் பயணத்துக்குப் பத்திரிகைப் புகைப்படக்காரர் வருகிறார். கூட்டத்தில் பெரிய மேடம் இதை வாசித்தபோது பூகோள டீச்சர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? தெரிந்தது ஒருத்திக்குத்தானே. எழுந்து நின்று, "இப்பவும் ஒண்ணு மாத்தி ஒண்ணு கூடு கட்டிக்கிட்டிருக்கிற நேரம் மேடம், ரெண்டு மாசம் கழிச்சுப் போலாமே" என்று கெஞ்சினாள்.

"அப்ப பரீட்சை வந்துடும் டீச்சர். பிள்ளைங்க குஞ்சைப் பாக்க வேண்டாமா? அப்புறம், நம்ம கணக்கு டீச்சரும் கூடப் போறாங்க. பறவைகளைப் பத்தி ஒரு பாட்டு போட்டுத் தருவாங்க. பாட்டுக் குழுவே பறவை மன்றம், ரெண்டும் ஒண்ணா ஆயிடும். இது என் மனசுல தோணினதுமே எனக்குத் தூக்கம் வரலை!"

இதைக் கேட்ட கணக்கு டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விற்றதும் விற்றாள், தன்னையும் சேர்த்தல்லவா விற்றிருக்கிறாள்.

அன்று மத்தியானம் பூகோள டீச்சர் வழக்கம்போல் அதே மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல் மூடியில் எடுத்து வைத்தாள். ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாள், கேட்டால் காலில்கூட விழுந்துவிடலாம் என்று இவள் காத்திருந்தாள். கேட்கவே இல்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்தபோது மட்டும், "பாட்டை பஸ்லயே பாடி முடிச்சிடச் சொல்லுங்க. அங்க வேண்டாம்" என்றாள்.

"சத்தியமா அங்க பாட விடமாட்டேன்."

"சரிங்க டீச்சர்."

பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும் 'டீச்சர்' என்றாள். சுருக்கென்று தைத்தது.

அடுத்து வந்த வாரங்களில் பூகோள டீச்சர் பாட்டுக் குழுப் பிள்ளைகளை அமைதியாக இருக்கப் பழக்கினாள். செருப்புச் சத்தம் இல்லாமல் நடக்க, கையை ஆட்டாமல் நிற்க, தும்மலைக் கைக்குள் அமுக்க. பளிச்சென்ற சட்டை போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வாலில்லாத வானரக் கூட்டம் அப்படியே கேட்டது.

பயண நாள் வந்தது. பஸ்ஸிலேயே பாட்டை இரண்டு தடவை பாட வைத்து முடித்தாள் கணக்கு டீச்சர். சூளைக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே இறங்கி நடந்தார்கள். புதர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார்கள். குஞ்சுக்கு இரை கொடுப்பதைப் பார்த்த ஒரு சின்னப் பெண் தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பூகோள டீச்சர் முகம் மெல்ல இளகியது. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பி லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்கு உயிர் வந்தது. தப்பித்தோம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அப்போது பின்னால் கார் கதவு சாத்தும் சத்தம். பெரிய மேடமும் புகைப்படக்காரரும். பெரிய மேடம் குனிந்து பதுங்கித்தான் வந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கணக்கு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில், "இந்த இடத்துல அந்தப் பாட்டு... ஒரே ஒரு அடி. மெதுவா. போட்டோவுக்கு மட்டும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் மேலே இருப்பவர் 'பாட்டு' என்றதும் எழுந்து பழகிய கை எழுந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். கை எழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மெதுவாக என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? மைக் இல்லாத மைதானத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டைகள். முதல் வரியிலேயே நடுத்திட்டே ஒரு குலுங்கு குலுங்கிற்று. அத்தனை நாரையும் ஒன்றாக எழும்பின. வானம் வெள்ளையாகிவிட்டது. "ஆஹா!" என்று புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

கணக்கு டீச்சர் கையைக் கீழே இறக்கினாள். பாட்டு நிற்கவில்லை. "போதும்! நிறுத்துங்க!" என்று கத்தினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். டீச்சர் சோதிக்கிறார், நாம் ஏமாறுவோமா? அவள் ஒருத்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பெண் உலுக்கலோடு உலுக்கலாகச் சுருதி பிசகாமல் பாடினாள்.

புகைபோக்கி மேலிருந்து காகங்கள் இறங்கின. அவசரமே இல்லை. கூடு கூடாகப் போய் உட்கார்ந்தன. நீல ஓடு உடைந்து மஞ்சள் வழிந்தது. மொட்டைத் தலைக் குஞ்சு ஒன்று காகத்தின் அலகில் தொங்கிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் அதையும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள். அழுதுகொண்டே பாடினார்கள், கடைசி அடி வரை, கடைசி வரி வரை, ஒருத்தரும் விடவில்லை.

பூகோள டீச்சர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. முடிகிறவரை பார்த்தாள்.

நாரைகள் அன்று மாலை வரை சுற்றிவிட்டுப் போய்விட்டன. மறு வாரம் பூகோள டீச்சர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக விலங்கியல் சார் சொன்னார். மரத்தில் ஒன்றுகூட இல்லையாம். பத்திரிகையில் படம் பெரிதாக வந்தது. வெள்ளை வானம், கீழே வாய் திறந்த பிள்ளைகள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். போட்டிக்கு அந்தப் பாட்டையே பாடப் போகிறார்கள், சனிக்கிழமை மத்தியானம் பயிற்சி என்று பெரிய மேடம் சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் தலையாட்டினாள். சனிக்கிழமை அவளுக்கு இனி எதற்கு? நடுவில் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் யாரும் இல்லாதபோது துணியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். துணியைத்தான் மடிக்க முடிந்தது.

ஒரு மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலுவலக எழுத்தர் வந்தார். வாசல் பலகையைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம்.

"பூகோள டீச்சர், உங்க படத்துக்குக் கீழே ஈடுபாடு பறவைகள்னு மாத்திடச் சொன்னாங்க மேடம். போட்டுடட்டுமா?"

"வேண்டாம் சார். புத்தகம் வாசிப்பதுன்னே இருக்கட்டும்."

"அது சும்மா சொன்னதுன்னு எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்" என்று சிரித்தார் அவர்.

"இப்ப சும்மா இல்ல சார். நிஜமாவே வேற ஒண்ணும் இல்ல."

எழுத்தர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். கணக்கு டீச்சரின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. பூகோள டீச்சர் மூடியில் தன் சாப்பாட்டில் ஒரு பங்கை எடுத்து வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க டீச்சர். மணி அடிச்சிடும்."